ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரிவது அமைதியான நீரா, புதிதாக உறைந்த கடற்பனியா? டெரா நோவா விரிகுடா குறித்து ஓர் ஐயம்

நெய்தல் மாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அண்டார்க்டிகாவின் ராஸ் கடலில் உள்ள டெரா நோவா விரிகுடாவில், கடுங்குளிர்காலத்திலும் கடல் முழுவதுமாக மூடிக்கொள்ளாமல் திறந்து கிடக்கும் ஒரு பரப்பு உண்டு. பொலின்யா எனப்படும் இத்தகைய பரப்புகளில் பனி உருவாகி, காற்றால் அடித்துச் செல்லப்பட்டு, மீண்டும் உருவாகிக்கொண்டே இருக்கும். சராசரியாகச் சுமார் 1,300 சதுர கி.மீ. அளவுள்ள அந்தப் பரப்பில், பனி சில செ.மீ. தடிமனை அடையும் முன்பே அதை சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களில் அடையாளம் காண்பது என் முதுநிலை ஆய்வேட்டின் பணி. ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே சூரியன் எழுவதே இல்லை என்பதால், இருளிலும் மேகத்தினூடேயும் பார்க்கக்கூடிய ரேடாரையே நம்பியிருக்கிறேன்.

என் ஐயம் ஒரே ஜூலையில், நான்கு நாட்களுக்குள் எடுக்கப்பட்ட மூன்று படங்களைப் பற்றியது. மூன்றும் 400 கி.மீ. அகலம் கொண்ட படங்கள். பிக்சல் இடைவெளி 40 மீட்டர். கிடைத்தளத்தில் அனுப்பிக் கிடைத்தளத்திலேயே பெற்ற எச்.எச். அலைவரிசை மட்டுமே அவற்றில் உள்ளது. முதல் நாள் படத்தில், நான்சன் பனி அடுக்கின் விளிம்பிலிருந்து கிழக்கே வெளிச்சமான ஒரு பரப்பு விரிகிறது. ஈரத் தலையில் சீப்பு ஓடிய தடம்போல, காற்றின் போக்கிலேயே நீளும் கறுப்புக் கோடுகள் அதில் நிறைந்திருக்கின்றன. மூன்றாம் நாள் படத்தில் அந்தக் கோடுகளைக் காணவில்லை. பரப்பு முழுவதும் ஒரே சீரான கறுப்பு, பின்சிதறல் (ரேடாருக்குத் திரும்பி வரும் அலையின் அளவு) சுமார் -22 டெசிபெல். நான்காம் நாள் அதே இடம் சுமார் 6 டெசிபெல் வெளுத்துவிட்டது. ஈ.ஆர்.ஏ.5 மறுபகுப்பாய்வுத் தரவின்படி (அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கிய வானிலைத் தரவு) மூன்றாம், நான்காம் நாட்களில் காற்று நொடிக்கு 3 மீட்டருக்கும் குறைவு. காற்றின் வெப்பநிலை -25 டிகிரி செல்சியஸ்.

ஒரு குறிப்பிட்ட பின்சிதறல் மதிப்பை எல்லையாக வைத்து, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் புதுப்பனி என்று பிரிக்க முயன்றேன். காற்றில்லாத திறந்த கடலும் அதே மதிப்பைக் காட்டுவதால் அந்த வழி பலிக்கவில்லை. மூன்றாம் நாளின் கறுப்பு நீரா, பனியா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


அலைநீளம் எழுதியது:

வணக்கம் அம்மா. நீங்கள் வைத்த எல்லை பலிக்காததற்குக் காரணம் உங்கள் கணக்கில் இல்லை. அது அந்தக் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. ரேடாருக்குக் குளிரும் தெரியாது, நிறமும் தெரியாது. சாய்வாகச் சென்று விழும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது; அது பெரும்பாலும் பரப்பின் சொரசொரப்பையும், ஓரளவுக்கு அந்தப் பொருளின் விடுதிறனையும் (மின்புலத்துக்கு அது இசையும் அளவையும்) பொறுத்தது. சென்டினல்-1 பயன்படுத்தும் சி பட்டையின் அலைநீளம் சுமார் 5.5 செ.மீ. படுகோணம், அதாவது செங்குத்திலிருந்து அலை சாய்ந்து விழும் கோணம், 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கடலின் மேல் அதே 5.5 செ.மீ. நீளமுள்ள சிற்றலைகளே பிராக் ஒத்ததிர்வினால் (நீளம் பொருந்தி எதிரொலிகள் ஒன்றுசேர்ந்து வலுப்பதால்) ரேடாருக்குப் பதில் தருகின்றன. 20 டிகிரியில் அது சுமார் 8 செ.மீ. ஆகும். ஆகவே படத்தில் நாம் காணும் கடலின் வெளிச்சம் என்பது, காற்று எழுப்பிய விரல்நீளச் சிற்றலைகளின் வெளிச்சமே. அந்தச் சிற்றலை இல்லாத இடம் கறுப்பாகும்; அது ஏன் இல்லை என்பதைப் படம் சொல்லாது.

சிற்றலை அடங்குவதற்குக் காற்று ஓய்வது ஒரு காரணம், புதுப்பனி மற்றொன்று. உப்புநீர் சுமார் -1.8 டிகிரியில் உறையத் தொடங்கும்போது, முதலில் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஊசிகளும் தகடுகளுமான ஃப்ரேசில் துகள்கள் நீருக்குள் மிதக்கின்றன. அவை மேலே திரண்டு, ஆறிய கஞ்சிபோல் ஒரு குழைவான படலம் ஆகின்றன. அதைக் கிரீஸ் பனி என்பார்கள். எண்ணெய் ஊற்றினாற்போல் அது சிற்றலைகளை அடக்கிவிடும். நீண்ட கடலலை மட்டும் அதனூடே அசைந்து செல்லும். காற்று பலமாக இருக்கும்போது, நீரோட்டச் சுழல்கள் இந்தக் கஞ்சியைக் காற்றின் திசையில் வரிவரியாக ஒதுக்குகின்றன. உங்கள் முதல் நாள் படத்தின் கறுப்புக் கோடுகள் இவைதாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே வெளிச்சமான இடம்தான் நீர், கறுப்புத்தான் பனி. காற்று ஓயும்போது அதே பனி, காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல், வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடாக இறுகுகிறது. 10 செ.மீ. தடிமன் வரை அதற்கு நிலாஸ் என்று பெயர், 5 செ.மீ.க்கு உட்பட்டது கருநிலாஸ். ரேடாருக்கு இது ஏறக்குறைய ஒரு கண்ணாடி.

விடுதிறன் உதவாதா என்று நீங்கள் கேட்கலாம். கடல்நீரின் சார்பு விடுதிறன் இந்த அதிர்வெண்ணில் சுமார் 60. நன்னீர்ப் பனிக்கு அது 3.2 அளவே. உவர்நீரைத் தன்னுள் சிறைப்பிடித்த புதுப்பனி இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும், வளர வளரக் குறைந்துகொண்டே போகும். செங்குத்துத் தளத்திலும் கிடைத்தளத்திலும் ஒரே நேரத்தில் அளந்து விகிதம் எடுத்தால், நீரில் செங்குத்து அளவு தெளிவாக மிகுந்திருக்கும், பனியில் இரண்டும் நெருங்கி வரும். மெல்லிய பனியை இந்த விகிதத்தால் பிரிக்கும் முயற்சிகள் உண்டு. ஆனால் உங்கள் படங்களில் இருப்பது எச்.எச். மட்டும் என்பதால், அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது.

இனி உங்கள் மூன்றாம் நாள். படத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வெப்பக் கணக்கைப் பாருங்கள். குளிர்காலப் பொலின்யாவில் நீர் ஏற்கெனவே உறைநிலையில் இருக்கிறது. பலத்த காற்றும், உறையும் பனி வெளித்தள்ளும் உப்பும் அதை ஆழம் வரை கலக்கிக் குளிரவைத்துவிட்டன. அப்படிப்பட்ட நீரின் மேல் -25 டிகிரிக் காற்று அசையாமல் நின்றால், அது திறந்த நீராக நீடிக்க இயலாது. சில மணி நேரத்திற்குள் ஆடை படிந்துவிடும், ஒரு நாளுக்குள் அது 5 செ.மீ.க்கு மேலும் வளரலாம். அமைதியான நீர் என்ற மாற்று விளக்கம் ஜூலையில் அங்கே இயற்பியலாலேயே பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. எனவே மூன்றாம் நாளில் நீங்கள் பார்த்தது நிலாஸ் என்பதே என் கருத்து.

அதை உறுதிப்படுத்த, படத்தை முழுப் பிரிதிறனில் திறந்து அந்தக் கறுப்புக்குள் கோடுகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். நீரில் விரிசல் விழாது. நேர்விளிம்புள்ள மெல்லிய வெடிப்போ, இரு தகடுகள் விரல் கோத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய செங்கோண வளைவுகளோ ஓரிடத்தில் தெரிந்தாலும் அது பனிதான்.

நான்காம் நாளின் வெளுப்புக்குப் பனிப்பூக்கள் காரணமாகலாம். காற்றடங்கிய கடுங்குளிரில், புது நிலாஸின் மேல் நீராவி படிந்து சில செ.மீ. உயரத்தில் இறகுபோன்ற படிகங்களாக வளரும்; அடியில் கசிந்த உவர்நீரை அவை உறிஞ்சிக்கொள்வதால் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறியிருக்கும். சி பட்டையில் இவை பின்சிதறலைப் பல டெசிபெல் உயர்த்தக்கூடியவை. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன், இரு படங்களிலும் அந்த இடத்தின் படுகோணம் என்ன என்பதைப் பாருங்கள். இந்தப் படங்களில் படுகோணம் ஏறக்குறைய 19 முதல் 47 டிகிரி வரை மாறுகிறது; கோணம் குறைந்தாலே பரப்பு வெளுத்துவிடும்.


வாடைக்காற்று எழுதியது:

மேலே நண்பர் கூறியதை முழுதும் ஏற்கிறேன். காற்றைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் உண்டு, அது முக்கியமானது.

ஈ.ஆர்.ஏ.5 தரவின் கட்டம் சுமார் 31 கி.மீ. அகலமுடையது. டெரா நோவா விரிகுடாவின் காற்றோ, உயர்ந்த பனிப்பீடபூமியில் குளிர்ந்து கனத்து, ரீவ்ஸ் பனியாற்றின் பள்ளத்தாக்கு வழியே நான்சன் பனி அடுக்கின் மேல் இறங்கிவரும் ஒடுங்கிய தாரை. அந்தத் தாரையை அவ்வளவு பெரிய கட்டம் மழுங்கடித்துவிடும். நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டும் காற்றுகூட அதில் பாதியாகத் தெரியலாம். அந்தக் காற்றின் வாயிலேயே இருக்கும் இனெக்ஸ்பிரெசிபிள் தீவில் மனுவேலா என்ற தானியங்கி வானிலை நிலையம் இருக்கிறது. அதன் அளவீடுகள் பொதுவில் கிடைக்கின்றன. 1912ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை ஸ்காட்டின் பயணக்குழுவைச் சேர்ந்த ஆறு பேர் அந்தத் தீவில்தான் பனிக்குகை ஒன்றைத் தோண்டி அதற்குள் கழித்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்ல வந்த டெரா நோவா கப்பல் கடற்பனியைத் தாண்டி நெருங்க முடியவில்லை. சொல்லில் அடங்காதது என்று ஒரு தீவுக்குப் பெயர் வைக்கும்படியான காற்றை, 31 கி.மீ. சராசரியில் தேட வேண்டாம்.

இன்னும் இரண்டு செய்திகள். பரப்புச் சராசரியை எடுக்கும்போது டெசிபெல் மதிப்புகளை நேரடியாகச் சராசரி செய்யாமல், திறன் மதிப்புக்கு மாற்றிச் சராசரி எடுத்த பிறகு மீண்டும் டெசிபெல்லுக்கு வாருங்கள். இல்லையெனில் புள்ளி இரைச்சல் (ரேடார் படங்களில் பொட்டுப்பொட்டாகத் தெரியும் ஏற்ற இறக்கம்) உங்கள் மதிப்பைக் கீழே இழுத்துவிடும். அடுத்து, -22 டெசிபெல் என்பது கருவியின் இரைச்சல் தளத்திலிருந்து (கருவியே உண்டாக்கும் இரைச்சலின் மட்டத்திலிருந்து) அதிகம் விலகியதன்று. கிடைத்தளத்தில் அனுப்பிச் செங்குத்துத் தளத்தில் பெறும் எச்.வி. அலைவரிசை உள்ள படங்கள் பின்னர் உங்களுக்குக் கிடைக்கும்போது இது இன்னும் தொல்லை தரும். நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில், எச்.வி. படத்தில் நேர்க்கோடாக ஓடிய ஒரு மங்கிய எல்லையைப் பனி விளிம்பு என்று குறித்து, அதன்மேல் இரண்டு வார வேலையைக் கட்டிவிட்டேன். ஐந்து உட்பட்டைகளை (அருகருகே எடுத்த குறுகிய படப்பட்டைகளை) இணைத்துத்தான் அந்த 400 கி.மீ. அகலம் உருவாகிறது, நான் குறித்தது அவற்றுள் இரண்டு சந்திக்கும் தையல். வெப்ப இரைச்சலைக் கழிக்காமல் மெல்லிய பனியை எச்.வி.யில் தேடவே கூடாது, கழித்த பிறகும் அந்தத் தையல்களின் அருகே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.


நெய்தல் மாணவி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. படுகோணத்தைப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்ட பரப்பு மூன்றாம் நாள் 34 டிகிரியிலும் நான்காம் நாள் 37 டிகிரியிலும் இருக்கிறது; கோணத்தால் மட்டும் என்றால் அது சற்று மங்கியிருக்க வேண்டும், ஆனால் வெளுத்திருக்கிறது. சராசரியைத் திருத்தி எடுத்தபின் வேறுபாடு 5 டெசிபெல்லுக்கு அருகில் வருகிறது.

முழுப் பிரிதிறனில் தேடியபோது, பரப்பின் மேற்குப் பாதியில், கரையிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று முறிந்து முறிந்து ஓடுவதைக் கண்டேன். ஒரு பிக்சல், மிஞ்சினால் இரண்டு பிக்சல் அகலம்தான். ஆனால் நான்காம் நாள் படத்திலும் அதே வடிவம், ஏறத்தாழ 3 கி.மீ. கிழக்கே நகர்ந்த நிலையில், அப்படியே இருக்கிறது. மூன்று வாரமாக இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் இது என் கண்ணில் படவில்லை.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. உறையும் பருவம் தொடங்கும் மார்ச் மாதப் படங்களும் என்னிடம் இருக்கின்றன. அப்போது வெப்பக் கணக்கு இவ்வளவு உறுதியாகத் துணை நிற்குமா?


அலைநீளம் எழுதியது:

நிற்காது. நீங்கள் கண்ட கோடு மிக நல்ல சான்று. வடிவம் கலையாமல் இடம் மட்டும் மாறுவது இறுகிய பரப்பின் இயல்பு.

மார்ச் மாதத்தில் நிலைமை உண்மையிலேயே கடினம். ஏரி நீர் 4 டிகிரிக்குக் கீழே குளிரும்போது மேலேயே தங்கிவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். கடல்நீருக்கு அது பொருந்தாது. ஆயிரத்துக்கு 24.7 பங்குக்கு மேல் உப்புள்ள நீர், உறைநிலையை எட்டும் வரை குளிரக் குளிர அடர்ந்துகொண்டே போய்க் கீழே இறங்கும். அந்த இடத்தைச் சற்று வெதுவெதுப்பான நீர் பிடிக்கும். கோடையில் வெயில் வாங்கிய மேலடுக்கு முழுவதும் இப்படிக் குளிர்ந்து தீரும் வரை, காற்று -10 டிகிரியில் இருந்தாலும் கடல் பல நாட்கள் உறையாமல் இருக்கலாம். ஆகவே மார்ச்சின் ஒரு கறுப்புத் திட்டு, காற்று ஓய்ந்த வெறும் நீராக இருப்பதற்கு முழு வாய்ப்பும் உண்டு.

அங்கே எனக்குக் கைகொடுப்பது காலத் தொடர்தான். காற்று எழும்பினால் நீர் மிக விரைவில் வெளுத்துவிடும். பனிப்படலம் அவ்வளவு எளிதில் காற்றுக்கு இசையாது. காற்று மாறிய ஒரு நாளின் முன்னும் பின்னும் இரு படங்கள் கிடைத்தால், காற்றுக்குப் பிறகும் கறுப்பாகவே நிற்பது பனி என்று துணிந்து கூறலாம். இரண்டாவதாக, வானம் தெளிந்த நேரத்தில் எடுத்த வெப்ப அகச்சிவப்புப் படம். உறைநிலையில் உள்ள நீரின் மேற்பரப்பு -1.8 டிகிரிக்குக் கீழே போகாது, 5 செ.மீ. பனியின் மேற்பரப்போ கடுங்குளிரில் பல டிகிரி கீழே இறங்கிவிடும். வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவியின் வெப்பப் படம் 375 மீட்டர் பிரிதிறனுடையது, பொலின்யாவுக்கு அது போதும். ஆனால் திறந்த நீரிலிருந்து எழும் நீராவி மூட்டத்தின் குளிர்ந்த மேற்பகுதியைப் பனி என்று எண்ணிவிடாதீர்கள். எங்கே நீர் மிகத் திறந்திருக்கிறதோ அங்கேதான் அந்த மூட்டமும் மிகுதி. செயற்கைக்கோளின் நுண்ணலைக் கதிர்வீச்சுமானிகளின் பனிச்செறிவுத் தரவை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையோரத்தில் நிலத்தின் கதிர்வீச்சு கலந்துவிடும், மெல்லிய பனியைப் பாதி நீர் என்றே அது கணக்கிடும்.


பனித்தடம் எழுதியது:

வணக்கம். பனி வகைகளைப் படத்தில் குறித்து, கணினிக்குப் பயிற்சித் தரவு உருவாக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நீங்களும் அடுத்து அந்தக் கட்டத்துக்குத்தான் வருவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பனி வரைபடங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால், அவை கப்பல்களின் பாதுகாப்புக்காக வரையப்பட்டவை என்பதை மறவாதீர்கள். ஒரு பலகோணம் பல்லாயிரம் பிக்சல்களை உள்ளடக்கும்; அதற்குள் புதுப்பனி பத்தில் மூன்று பங்கு என்று எழுதியிருந்தால், எந்த மூன்று பங்கு என்பதை வரைபடம் சொல்வதில்லை. அதை அப்படியே பிக்சல்தோறும் ஒட்டிப் பயிற்சி கொடுத்தால், கணினி புதுப்பனியைக் கற்காது, பலகோணம் வரைந்தவரின் பழக்கத்தைத்தான் கற்கும்.

புதுப்பனி என்ற ஒரே வகைக்குள் படத்தில் முற்றிலும் மாறான இரண்டு தோற்றங்கள் அடங்கியிருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய சிக்கல். நிலாஸ் கருமையானது. ஆனால் அலை நிறைந்த இடத்தில் அதே கிரீஸ் பனி தகடாக இறுகாமல், ஒன்றோடொன்று மோதி, தாம்பாளம்போல் விளிம்பு உயர்ந்த வட்டங்களாகத் திரளும். பான்கேக் பனி எனப்படும் அந்த வட்டங்கள் 30 செ.மீ. முதல் 3 மீட்டர் வரை குறுக்களவு கொண்டவை. அவற்றின் விளிம்புகள் ரேடாரில் நன்றாக வெளுத்துத் தெரியும், காற்றடித்த நீரென்றே தோன்றும். கறுப்பை மட்டுமே தேடும் எந்த முறையும் இதைத் தவறவிடும். உங்கள் பொலின்யாவின் கிழக்கு விளிம்பில், அலை ஓடுவதற்குப் போதிய நீர்வெளி கிடைத்த இடத்தில், முதல் நாள் படத்திலேயே இதைத் தேடிப் பாருங்கள்.

சோதனைத் தரவைப் பிரிக்கும்போது ஒரே படத்தின் பிக்சல்களில் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைக்காமல், நாள்வாரியாகப் பிரியுங்கள். அருகருகே உள்ள பிக்சல்கள் ஏறக்குறைய ஒன்றே. அப்படிப் பிரித்துப் பெறும் துல்லியம், புதிய காற்றும் புதிய கோணமும் கொண்ட அடுத்த படத்தில் நிற்காது. நீர், புதுப்பனி என்ற வகைகளோடு, ஐயம் என்று ஒரு வகையையும் கூச்சமின்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பிருந்தால் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோளின் படங்களையும் தேடுங்கள். அதன் எல் பட்டை அலைநீளம் சுமார் 24 செ.மீ. என்பதால், சி பட்டையில் பளிச்சிடும் பனிப்பூக்கள் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய வழவழப்பான பரப்புதான். ஒரே இடம் சி பட்டையில் வெளுத்தும் எல் பட்டையில் கறுத்தும் இருந்தால், அதன் சொரசொரப்பு சில செ.மீ. அளவினது என்று கொள்ளலாம்.


நெய்தல் மாணவி எழுதியது:

மனுவேலா நிலையத்தின் அளவீடுகளைப் பதிவிறக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் படம் எடுத்த நேரத்தில் அங்கே காற்று நொடிக்கு 9 மீட்டர், ஈ.ஆர்.ஏ.5 கூறியதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அதன் பிறகு பல மணி நேரம் கழித்தே காற்று அடங்கியிருக்கிறது. 9 மீட்டர் காற்றில் திறந்த நீர் -22 டெசிபெல்லில் கிடக்க வழியில்லை என்பதால், தாரை விழும் மேற்குப் பகுதியின் கறுப்பைப் பற்றி எனக்கு இனி ஐயமில்லை. கிழக்கு விளிம்பில் பனித்தடம் ஐயா குறிப்பிட்ட வெளிச்சப் பட்டையையும் கண்டேன். நேற்று வரை அதைக் காற்றடித்த நீர் என்றே குறித்து வைத்திருந்தேன், இன்று அதை அழித்துவிட்டேன்.

தாரைக்கு வெளியே, வடக்குக் கரையை ஒட்டி முக்கோணமாக ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. அங்கே காற்று எவ்வளவு என்று எந்த நிலையமும் சொல்லவில்லை, விரிசலும் தென்படவில்லை. வெப்பக் கணக்கு அதையும் பனி என்றே சொல்கிறது. ஆயினும் அன்றைய வெப்ப அகச்சிவப்புப் படம் மேகமின்றிக் கிடைக்கிறதா என்று பார்க்கும் வரை, அதை ஐயம் என்ற வகையிலேயே விட்டிருக்கிறேன்.